‘அங்க நம்ம ஆளு யாரு இருக்கா?’

பிரான்சில் அதிபர் தேர்தல் வந்தால் பாரிசில் வாக்குச்சாவடி திறப்பார்கள், லியோனில் திறப்பார்கள், காரைக்காலிலும் திறப்பார்கள். 2022 ஏப்ரலில் மக்ரோனா, மரீன் லு பென்னா என்று பிரான்ஸ் யோசித்துக்கொண்டிருந்தபோது, புதுச்சேரி, சென்னையோடு சேர்த்துக் காரைக்காலிலும் வாக்குப்பதிவு நடந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் பதிவாகியிருந்த வாக்காளர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். காரைக்கால் அம்மையார் பெயரால் மாங்கனி இறைக்கிற ஊர், சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் இடம் கொள்ளாமல் கூட்டம் சேர்கிற மாவட்டம், எலிசே மாளிகையில் யார் உட்காருவது என்பதிலும் ஒரு கை வைக்கிறது. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவே 160 சதுர கிலோமீட்டர் புதுச்சேரி. 2011 கணக்கெடுப்புப்படி 2 லட்சம் பேர்.

அதே ஏப்ரல், மே மாதங்களில் ஊருக்குள் வேறொரு யோசனையும் ஓடும். ப்ளஸ் டூ முடித்த பிள்ளை, பி.டெக். கடைசி செமஸ்டரில் இருக்கும் பிள்ளை, நீட் எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளை. வெளிநாட்டில் படிக்க வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டால், எந்தப் பல்கலைக்கழகம், உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம் என்றெல்லாம் யாரும் ஆரம்பிப்பதில்லை. முதலில் வருவது, “அங்க நம்ம ஆளு யாரு இருக்கா?”

இதைக் கேட்டுப் பட்டணத்துக்காரர்கள் சிரிக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் சிரிக்க மாட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் மசரோல், ஜெஃப்ரி சூட்டார் இருவரும் இந்தோனேஷியா, தைவான், சீனா, இந்தியா ஆகிய நாடுகளின் மாணவர்களிடம் விசாரித்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாணவர் இடப்பெயர்வைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டும் கட்டுரை அது. சொந்த நாட்டிலிருந்து தள்ளுகிற காரணங்கள், போகும் நாட்டுக்கு இழுக்கிற காரணங்கள் என்று இரண்டாகப் பிரித்து, இழுப்பவற்றை ஆறு வகையாக்கினார்கள். அந்த நாட்டைப் பற்றித் தெரிந்திருப்பது, தெரிந்தவர்கள் சொல்லும் சிபாரிசு, செலவு, சூழல், தூரம், அங்கே உறவும் நட்பும் இருப்பது. இந்த ஆறில் மூன்றைக் காரைக்கால் வீடுகள் ஒரே கேள்விக்குள் அடக்கிவிடுகின்றன. நம்ம ஆள் இருந்தால் நாட்டைப் பற்றித் தெரியும், அவர் சொன்னால் அது சிபாரிசு, அவரேதான் உறவும். மீதியிருப்பது காசு, தூரம், குளிர்.

ஆனால் இந்த ஊரின் ‘ஆள்’ ஒரே வகைப்பட்டவர் அல்ல. அதில்தான் கதை இருக்கிறது.

சைகோன் வழியாக சார்செல்

தஞ்சாவூர் மராட்டிய அரசரிடமிருந்து 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை வாங்கினார்கள். அதற்கடுத்த நூற்றாண்டின் நடுவில் இந்தத் துறைமுகம் வழியாக ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலும் தஞ்சை டெல்டாவின் நிலமற்ற ஏழைகள். எந்தத் தீவு என்பதை அவர்களா தீர்மானித்தார்கள்? ஆள் சேர்த்த மேஸ்திரியும் அன்றைக்குக் கிளம்பிய கப்பலும் தீர்மானித்தன. போனவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஊரோடு தொடர்பு அறுந்துவிட்டது. அந்தத் தீவுகளில் இன்றைக்கும் மாரியம்மன் உண்டு, தமிழ்ப் பெயர்கள் உண்டு. ஆனால் காரைக்கால் பிள்ளை யாரும் “மார்த்தினிக்கில் என் சித்தப்பா இருக்கிறார்” என்று படிக்கக் கிளம்புவதில்லை.

உறவுச் சங்கிலி இன்னொரு பக்கத்தில் தொடங்கியது. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சாதி, மதத்தோடு வந்த தனிச்சட்டத்தை எழுதிக் கொடுத்து விட்டுவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வருகிறேன் என்று ஓர் இந்தியர் கையெழுத்திடலாம். கையெழுத்திட்டவர் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘ரெனோன்சான்’ என்று இவர்களுக்குப் பெயர். இதற்காக முன்னின்றவர்களில் ஒருவரான புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லபோர்த் என்ற பெயரை எடுத்தார். அவர் ஐரோப்பியச் செருப்புப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காக 1873-இல் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர்.

அந்தக் கையெழுத்தின் பலன் சைகோனில் கிடைத்தது. பள்ளியில் பிரெஞ்சு படித்து ‘ப்ரெவே’ பரீட்சை தேறியவர்கள் கொச்சின்சீனாவில், அதாவது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த தெற்கு வியட்நாமில், சுங்கம், வரி, போலீஸ், சிறை, கலங்கரை விளக்கம் என்று சில்லறை அரசு உத்தியோகங்களில் அமர்ந்தார்கள். கூடவே வட்டிக்கடைக்காரர்கள், துணி வியாபாரிகள், பால்காரர்கள். சைகோன் நகர நடுவே இன்றும் நிற்கும் மாரியம்மன் கோவிலும், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசலும் அந்தக் காலத்துச் சாட்சிகள். படிப்பு, பாஷை, வேலை மூன்றும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருந்த காலம் அது. பிரெஞ்சு படித்தால் கப்பல் டிக்கெட் கிடைக்கும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த கணக்கு.

1954 நவம்பர் 1-ஆம் தேதி காரைக்கால் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு சட்டப்படி கைமாற 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். இங்கேயே குடியிருப்பவர்கள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமகனாக நீடிக்கலாம், சும்மா இருந்தால் இந்தியர். எழுதிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். அவர்களில் கணிசமானவர்கள் பட்டாளத்து ஓய்வூதியக்காரர்கள், அதாவது ‘சொல்தா’க்களின் குடும்பங்கள். மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். சிலருக்கு நாட்டுப்பற்று, சிலருக்கு அலட்சியம், பலருக்குச் சேதியே முழுதாக எட்டவில்லை. 1975-இல் சைகோன் விழுந்தபின் அங்கிருந்த பிரெஞ்சுத் தமிழர்கள் பாரிஸ் புறநகரங்களில் குடியேறினார்கள். சார்செல், கார்ழ், செர்ழி என்று இந்த ஊர்க்காரர்கள் உச்சரிக்கும் பெயர்கள் அப்படி வந்தவை.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். ஐரோப்பிய ஆட்சி இருந்த ஊர் என்றாலே இப்படித்தானே? காரைக்காலிலிருந்து வடக்கே அரை மணி பஸ் பயணத்தில் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர்களுடையது. கோட்டை இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, டேனிஷ் காலத் தெருக்கள் இருக்கின்றன. கோபன்ஹேகனுக்குப் பிள்ளையை அனுப்புகிற வழக்கம் மட்டும் அங்கே இல்லை. டென்மார்க் அந்த ஊரைப் பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றபோது, யாருக்கும் குடியுரிமைக் காகிதம் எதையும் நீட்டவில்லை. பழைய ஆட்சி மட்டும் இருந்தால் போதாது. காகிதமும், அதை வைத்துக்கொண்டு அங்கே போய் வீடு பிடித்த ஆளும் வேண்டும்.

ஒரே தெரு, இரண்டு கட்டணம்

ஒரு தாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 1962-இல் மூத்தவர் எழுதிக் கொடுத்தார், இளையவர் கொடுக்கவில்லை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் இருவரும் காரைக்காலில் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பள்ளியில் படித்து, ஒரே மதிப்பெண் வாங்கி, பிரான்சில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலை சேர்கிறார்கள். மூத்தவர் வீட்டுப் பிள்ளை 2025-26 கல்வியாண்டில் கட்ட வேண்டிய பதிவுக் கட்டணம் 178 யூரோ. இளையவர் வீட்டுப் பிள்ளைக்கு 2,895 யூரோ. முதுநிலை என்றால் ஒருவருக்கு 254, இன்னொருவருக்கு 3,941. ஒரு யூரோவுக்குத் தோராயமாக நூறு ரூபாய் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பதினெட்டாயிரம் ரூபாய், மற்றவருக்கு ஏறக்குறைய மூன்று லட்சம்.

இந்த வித்தியாசம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தது என்று நினைத்துவிட வேண்டாம். 2019 வரை இருவருக்கும் ஒரே கட்டணம்தான். இளநிலைக்கு 170 யூரோ, முதுநிலைக்கு 243. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் கட்டணத்தைப் பதினாறு மடங்கு ஏற்றிய திட்டத்துக்கு பிரெஞ்சு அரசு வைத்த பெயர் ‘பிரான்சுக்கு நல்வரவு’. இப்படிப் பெயர் வைக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இதை ஏற்காமல் வெளிநாட்டு மாணவர்களுக்கு விலக்குக் கொடுத்தன, சில இன்னும் கொடுக்கின்றன. எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் விண்ணப்பிக்கிறவருக்கு முதல் வேலை. முழுக் கட்டணம் கட்டினாலும்கூட இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால் மலிவுதான்.

கட்டணத்தோடு முடியவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளை காம்பஸ் பிரான்ஸ் இணையதளத்தில் கோப்பு திறக்க வேண்டும், நேர்காணலில் ‘ஏன் பிரான்ஸ், ஏன் இந்தப் படிப்பு’ என்று சொல்ல வேண்டும், மாதத்துக்கு 615 யூரோ செலவுக்கு இருக்கிறது என்று வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் விசா. போய்ச் சேர்ந்தபின் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைக்கு இந்தக் கோப்பு, நேர்காணல், விசா, மணிக்கணக்கு ஒன்றுமே கிடையாது. விமான டிக்கெட் எடுத்தால் போதும்.

இவ்வளவு வசதி இருக்கிறதே, பிரெஞ்சு நேஷனாலிட்டி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சோர்போனில் படித்துத் தள்ளுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. தடுப்பது பாஷை. காரைக்காலில் ஆங்கில வழியிலோ தமிழ் வழியிலோ படித்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட் மட்டும்தான் பிரெஞ்சு. இளநிலைப் படிப்பைப் பிரெஞ்சில் படிக்க ‘பே-டூ’ என்கிற பி2 அளவு மொழித் தேர்ச்சி வேண்டும். இதை யோசித்துத்தான் புதுச்சேரியில் வீடு எடுத்துத் தங்கி, 1826-இல் தொடங்கிய லிசே பிரான்செயில் பிள்ளையைச் சேர்க்கிற குடும்பங்கள் உண்டு. வருமானம் குறைந்த பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்நாட்டு அரசே உதவித்தொகையும் தருகிறது. அதைச் செய்ய முடியாத வீடுகளில் பையன் பதினெட்டு வயதில் விமானம் ஏறி, மாமன் வீட்டில் தங்கி, ஒரு தொழிற்பயிற்சியிலோ பட்டாளத்திலோ உணவகத்திலோ சேர்ந்துவிடுகிறான். ‘பிரான்ஸ்ல இருக்கான்’ என்பதே மாப்பிள்ளைச் சந்தையில் போதுமான பட்டமாக இருக்கிறபோது, படிக்க அவசரம் எங்கிருந்து வரும்? நேஷனாலிட்டி உள்ள வரனுக்கு இந்த ஊரில் இருக்கிற கிராக்கியை ஐ.ஏ.எஸ். மாப்பிள்ளைகள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

இளையவர் வீட்டுப் பிள்ளைக்கு பாஷையோடு பாஸ்போர்ட்டும் இல்லை. பெரியப்பா வீட்டு ஆல்பத்தில் ஈபிள் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, கடைசியில் ஜெர்மனிக்கோ அயர்லாந்துக்கோ போவதை இந்த ஊரில் சாதாரணமாகக் காணலாம். சொந்தத்தில் இத்தனை பேர் இருந்தும் பிரான்ஸ் அவர்களுக்கு எட்டாத நாடாகவே தெரிகிறது. கல்யாணம் வழியாகப் போகிற நாடு என்று மனதில் பதிந்துவிட்டது, படிப்பு வழியாகவும் போகலாம் என்பது பதியவில்லை. ஆங்கிலத்திலேயே நடத்தப்படும் முதுநிலைப் படிப்புகள் அங்கே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. இந்தியர்களுக்கென்றே சார்பாக் உதவித்தொகை இருக்கிறது. 2030-க்குள் இந்திய மாணவர் எண்ணிக்கையை 30,000 ஆக்குவது என்று இரு அரசுகளும் 2023-இல் இலக்கு வைத்தன. 2024 ஜனவரியில் குடியரசு தின விருந்தினராக வந்த மக்ரோன், பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு முதலில் மொழி கற்றுக்கொடுத்துப் பிறகு படிப்பில் சேர்க்கும் ‘சர்வதேச வகுப்புகள்’ பற்றியும் அறிவித்தார். புனேயிலும் பெங்களூரிலும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். முந்நூறு ஆண்டு உறவு கொண்டாடும் ஊர் அந்த வரிசையில் முன்னால் நின்றிருக்க வேண்டாமா?

அத்தை வீட்டு விலாசம்

பெண் பிள்ளை என்றால் கணக்கே வேறு. படிப்புக்கு அனுப்புவதில் இப்போது பெரிய தடை இல்லை. பிள்ளை எங்கே தங்கும் என்பதில்தான் பேச்சு நின்றுபோகும். பாரிசின் வடபுறம் சார்செலில் அத்தை இருந்தால், பக்கத்திலுள்ள வில்தானெஸ் வளாகமும் சாந்தெனி வளாகமும் சட்டென்று சிறந்த பல்கலைக்கழகங்களாகிவிடுகின்றன. செர்ழியில் சித்தி இருந்தால் செர்ழி பல்கலைக்கழகம். துலூஸில் விமானப் பொறியியல் இதைவிடப் பெயர் பெற்றது என்று பிள்ளை சொல்லிப் பார்க்கும். துலூஸில் யாரும் இல்லை, பேச்சு அதோடு முடிந்தது.

வாட்ஸ்அப்பில் அத்தையின் குரல் வரும்: “அனுப்பி வைங்கண்ணே, நான் பாத்துக்கறேன்.” அந்த ஒரு வாக்கு ஐந்து லட்சம் ரூபாய் விடுதிச் செலவையும் அப்பாவின் பயத்தையும் சேர்த்தே கழித்துவிடுகிறது. அதற்கு விலையும் உண்டு. அத்தையின் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, சனிக்கிழமை கறி வாங்கப் போவது, ஞாயிற்றுக்கிழமை வரும் விருந்தினருக்குச் சமையலறையில் நிற்பது. வகுப்புத் தோழர்களோடு பிரெஞ்சு பேசிப் பழக வேண்டிய நேரம் வீட்டுத் தமிழிலேயே கழிகிறது. இதையெல்லாம் பிரான்ஸ் அனுபவம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அத்தை இல்லாவிட்டால் பிள்ளை வீட்டுப் படியையே தாண்டியிருக்காது என்பதையும் மறுக்க முடியாது.

மரைக்காயர் வீடுகளில் வேறொரு திசை. இங்கே ‘சபர்’ போனவரைச் சபராளி என்பார்கள். தலைமுறைகளாக சபர் என்றால் மலேயா, சிங்கப்பூர், சைகோன். நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்கில் இறங்கலாம் என்றிருந்தது. எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டதோடு அந்தக் கடல்வழி முடிந்தது. இப்போது திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நாலு மணி நேரம். அங்கே மோனாஷ் 1998-லும் நாட்டிங்காம் 2000-லும் கிளை வளாகங்கள் திறந்தன. ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் பட்டத்தை மலேசியச் செலவில் வாங்கலாம், ஹலால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், மஸ்ஜித் இந்தியா பக்கம் சாச்சா கடை வைத்திருக்கிறார், பெருநாளுக்கு வந்துபோகலாம். இதைவிடத் தெளிவான காரணங்களை எந்தக் கல்விக் கண்காட்சியிலும் கேட்க முடியாது. ஆனால் படித்து முடித்தபின் அந்நாட்டிலேயே வேலை கிடைப்பது சுலபமில்லை. சபராளிக் குடும்பங்களுக்கு இது தெரியும். பட்டம் மலேசியாவில், வேலை வளைகுடாவில் என்று முன்கூட்டியே போட்டுவைத்த திட்டத்தோடுதான் அனுப்புகிறார்கள்.

தள்ளுகிற கை

ஆள் இருந்தால் போகிறார்கள், சரி. ஆளே இல்லாத உஸ்பெகிஸ்தானுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஏன் போகிறார்கள்? அங்கே இழுப்பவர் யாருமில்லை, இங்கிருந்து தள்ளுகிறது.

காரைக்காலில் ஜிப்மர் கிளை 2016-இல் 50 எம்.பி.பி.எஸ். இடங்களோடு வந்தது. தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. என்.ஐ.டி., வேளாண் கல்லூரி, அரசுப் பொறியியல் கல்லூரி, புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் வளாகம் எல்லாம் இருக்கின்றன. இவ்வளவு சின்ன மாவட்டத்துக்கு இது அதிகம்தான். ஆனால் புதுச்சேரியின் சென்டாக் கலந்தாய்வில் காரைக்கால் பிராந்தியத்துக்குரிய பங்கு 18 சதவீதம். நீட்டில் நூல் இழையில் தவறிய பிள்ளைக்குத் தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது. எல்லை தாண்டினால் தமிழ்நாட்டின் இட ஒதுக்கீடு இவர்களுக்கு இல்லை. இந்த இடுக்கிலிருந்துதான் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பிறக்கிறது.

இலங்கைத் தமிழர்களிடம் இதைவிடக் கடுமையான உதாரணம் இருக்கிறது. 1970-களில் கொண்டுவரப்பட்ட ‘தரப்படுத்தல்’ யாழ்ப்பாணத்து மாணவர்களின் பல்கலைக்கழக வாய்ப்பைச் சுருக்கியபோது, வசதியுள்ள வீடுகள் பிள்ளைகளை லண்டனுக்குப் படிக்க அனுப்பின. பத்தாண்டு கழித்து 1983 கலவரம் நடந்து உயிர் தப்ப ஓட வேண்டி வந்தபோது, லண்டனில் ஏற்கெனவே ஓர் அண்ணன் இருந்தான்.

உக்ரைனை நம் பிள்ளைகள் தேர்ந்தெடுத்ததற்கும் காரணங்கள் இருந்தன. கட்டணம் குறைவு, ஆங்கிலத்தில் பாடம், போன வருடம் போன சீனியர் நன்றாயிருக்கிறான். 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோது அங்கே 18,000-க்கு மேற்பட்ட இந்திய மாணவர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் ஏறத்தாழ 1,900. ‘ஆபரேஷன் கங்கா’ விமானங்களில் அவர்கள் திரும்பி வந்தார்கள், படிப்பு வரவில்லை. இந்தியக் கல்லூரிகளில் இடம் தர விதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடமே கன்சல்டன்சி போர்டுகளில் உக்ரைன் கொடி இருந்த இடத்தில் வேறு கொடிகள் வந்தன.

போகிறவர்கள் பெரும்பாலும் கேட்க மறப்பது திரும்பி வரும் வழியைப் பற்றி. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி குறைந்தது 54 மாதம் படிப்பு, அந்த நாட்டிலேயே 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி, அந்த நாட்டில் மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதி எல்லாம் வேண்டும். அதன்பின் இங்கே தகுதித் தேர்வு. 2024 ஜூன் பருவத்துக்கான அந்தத் தேர்வை எழுதியவர்களில் தேறியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். இதைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை வேறு, ‘நீட் ஸ்கோர் போதும், சீட் உறுதி’ என்ற பேனரைப் பார்த்துப் போகிற பிள்ளை வேறு.

கன்சல்டன்சிக்காரரைத் திட்டுவதற்கு நான் வரவில்லை. அவருக்கும் கடை வாடகை இருக்கிறது. ஆனால் அவருடைய கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்துக் கல்வி நிலையங்கள் பல, சேர்த்துவிடும் முகவருக்கு முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுக்கின்றன. கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் எதிலிருந்து கமிஷன் கொடுக்கும்? பிரெஞ்சு அரசுப் பல்கலைக்கழகமும் கொடுப்பதில்லை. அதனால்தான் பிரான்ஸ் என்று கேட்டுப் போனால், ஆண்டுக்குப் பத்து, பதினைந்து லட்சம் வாங்கும் தனியார் மேலாண்மைப் பள்ளிகளின் பிரசுரங்கள் மேசைக்கு வருகின்றன. பழைய மேஸ்திரியைப் போலவே இவரிடமும் எந்தக் கப்பலில் இடம் இருக்கிறதோ அந்தத் தீவு சிறந்த தீவு.

அடுத்த மேசை வங்கி மேலாளருடையது. கல்விக்கடன் நான்கு லட்சம் வரை என்றால் ஜாமீன் கேட்க மாட்டார்கள், ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி தாங்கும், அதற்குமேல் சொத்து. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா. இங்கேதான் காரைக்காலின் தனித்தன்மை மறுபடி தலைநீட்டும். சில வீடுகளின் தாய்ப்பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது. கொள்ளுத்தாத்தா ‘நோத்தேர்’ என்கிற பத்திர அதிகாரி முன் எழுதி வாங்கியது. அதைப் படிக்க வீட்டில் யாருக்கும் தெரியாது, மொழிபெயர்த்துச் சான்றிட்டு வாங்க ஆள் தேட வேண்டும்.

மாறிக்கொண்டே இருக்கும் கதவு

நாட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த நாட்டின் இந்த வருடத்து விதியைத் தேர்ந்தெடுக்கிறோம். கனடாவையே பாருங்கள். 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. கணக்கில் காட்ட வேண்டிய செலவுப் பணத்தை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஒரே அடியில் ஏற்றியது. இங்கிலாந்து அதே ஜனவரியில் முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வருவதை நிறுத்தியது, ஆராய்ச்சி மாணவர்கள் மட்டும் விலக்கு. படித்து முடித்தபின் தங்கும் இரண்டு ஆண்டை 2027 தொடக்கத்திலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைக்கிறது. ஆஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600-க்கும், மறு வருடம் 2,000-க்கும் கொண்டுபோனது. அமெரிக்காவில் 2023-24-இல் 3,31,602 இந்திய மாணவர்கள். சீனாவை முந்தி முதலிடம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்ற அறிவிப்பு வந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவே ஜெர்மனி கிட்டத்தட்ட நிலையாக நின்றதால்தான் டெல்டாவின் பொறியியல் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒருசில மாநிலங்கள், படிப்புகள் தவிர அரசுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும், மாதம் 992 எடுத்துக்கொள்ளலாம். படித்தபின் வேலை தேடப் பதினெட்டு மாதம். 2023-24-இல் அங்கே இந்திய மாணவர் எண்ணிக்கை 49,000-ஐத் தாண்டியது. வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடம். பிரான்ஸும் முதுநிலை முடித்தவர்களுக்கு வேலை தேட அவகாசம் தருகிறது. அங்கே முதுநிலை படித்த இந்தியர்களுக்கு ஐந்தாண்டு குறுகிய கால ஷெங்கன் விசாவும் 2023-இல் அறிவித்தது. அது போய்வர மட்டுமே, வேலை பார்க்க அல்ல. இரண்டையும் குழப்பி விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

காகிதம் கையில் இருந்தாலே எல்லாக் கதவும் திறக்கும் என்பதும் இல்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு, ஆங்கிலப் படிப்புக்காகப் பிள்ளைகளை லண்டனுக்குக் கூட்டிப்போன தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிரெக்சிட்டுக்குப் பின், 2021 ஆகஸ்ட் முதல், ஏற்கெனவே அங்கே குடியேறியவர்கள் தவிர, புதிதாகப் போய்ச் சேர்கிற ஐரோப்பிய மாணவர்களுக்கு உள்நாட்டுக் கட்டணம் கிடையாது. அப்படிப் புதிதாகப் போகிறவர்கள் ஒரே இரவில் வெளிநாட்டு மாணவர்களாகிவிட்டார்கள். அயர்லாந்து ஐரோப்பியக் குடிமக்களுக்கு இளநிலைக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆனால் கடந்த ஐந்தாண்டில் மூன்றாண்டு ஐரோப்பாவில் குடியிருந்திருக்க வேண்டும். நேராகக் காரைக்காலிலிருந்து போகிற பிரெஞ்சுப் பிள்ளைக்கு அது இல்லை. நெதர்லாந்தோ குடியுரிமையைப் பார்க்கிறது, குடியிருப்பைப் பார்ப்பதில்லை. மாமா சொன்னார், மச்சான் சொன்னான் என்பதில் இந்த நுணுக்கங்கள் அடிபட்டுப் போகும். அவர்கள் போன காலத்து விதியை அவர்கள் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் போவதையே பேசிக்கொண்டிருக்கிறோம், வருவதும் உண்டு. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. வளாகம் கடலோரமாக இருக்கிறது. 2010-இல் தொடங்கியது. பீகார், தெலங்கானா, கேரளப் பிள்ளைகள் எல்லாம் படிக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான ‘டாசா’ சேர்க்கை முறையில் அங்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவிலோ பிரான்சிலோ வளர்ந்த பிள்ளை அதன் வழியாக வந்தால் செமஸ்டருக்கு 4,000 டாலர். அதே முறையில், வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் இந்தியர்களின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, அவர்களுக்கு இங்குள்ள மாணவர்கள் கட்டும் கட்டணமே. அப்பா குவைத்தில் இருக்கிறாரா, பாரிசில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து, காரைக்கால் பிள்ளைக்குக் காரைக்காலிலேயே படிக்க இரண்டு விலை.